யாருடைய ஆசை, அவருடைய புகை

அந்த ஊர் நகராட்சியில் புகைக்காரர் என்று ஒருவர் இருந்தார். பீடி, சிகரெட் எதையும் அவர் தொட்டதில்லை; கொசுவத்தி கொளுத்தினால்கூட ஜன்னலைத் திறந்துவைக்கிற ஆள். ஊரில் எழும் புகைக்கெல்லாம் கணக்கு எழுதுவது அவர் உத்தியோகம், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிறவர் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தார்.

ஆரம்பத்தில் அது நோகாத வேலை. ஊரில் தொழிற்சாலை என்று ஒன்று கிடையாது. ரொட்டிக் கடை அடுப்பு, சலவைக்கூடத்துக் கொதிகலன், கொஞ்சம் வண்டிகள், வீட்டு அடுப்புகள், அவ்வளவுதான். ஆண்டறிக்கை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பக்கத்து ஊரில் ஒரு சிமெண்ட் ஆலை இருந்தது. அந்த ஊர்க்காரர் யாராவது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இந்த ஊர்க்காரர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய், அதே சிமெண்டில் கட்டிய சுவரில் சாய்ந்துகொண்டு, "என்ன ஊர்டா அது, ஒரே புகை" என்பார்கள். வெட்கம் என்பது எல்லோருக்கும் வாய்த்துவிடுவதில்லை.

இந்தக் கூத்து மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஒரு நாள் உத்தரவு வந்தது. ஊர் எல்லைக்கு வெளியே, ஊர்க்காரர்களுக்காக எழும் புகையும் இனிமேல் அந்த ஊர்க் கணக்கில்தான் சேரும். நீ வாங்கும் மின்விசிறி எங்கோ ஓர் ஆலையில் வார்க்கப்பட்டது. ஆலைப் புகையில் அந்தப் பங்கு உன்னுடையது. உன் வீட்டு விருந்தாளி ஏறி வந்த வண்டியின் புகையும் உன்னுடையது. உத்தரவில் ஒரு வார்த்தை தப்பில்லை. எல்லாம் நியாயம். நியாயமாக இருந்ததுதான் அதில் பெரிய தொல்லை, மறுத்துப் பேச வழியில்லை.

நகராட்சிக் கூட்டத்தில் அன்று மதியத்திலிருந்து இருட்டும்வரை அடிதடி. மரச்சாமான் கடைக்காரர் மேசையைத் தட்டினார். "நான் விக்கிறவன். வாங்குறவன் தலையில எழுதுங்க."

"கடையில கண்ணுக்கு நேரா வச்சா வாங்கத்தானே செய்வோம்?" என்றார் சலவைக்கூடத்துக்காரர். "வச்சது யாரு? நீங்கதானே?"

"அன்பளிப்பா வந்த பொருளுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "பிடிக்காத அன்பளிப்புக்கு?" என்று பின்வரிசையில் இன்னொரு குரல்.

எல்லோரும் எல்லோர் தலையிலும் கட்டிப் பார்த்து ஓய்ந்த பிறகு, புகைக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். விற்றவர், வாங்கியவர் என்று பார்த்தால் விடியாது, எந்தப் பொருளும் எந்த ஆளும் ஊருக்குள் வருவதற்கு ஆதிமூலம் ஒருவருடைய ஆசை, ஆகவே ஆசைப்பட்டவர் யாரோ அவர் கணக்கில் எழுதிவிடலாம் என்றார். ஒரே கைத்தட்டல். நகரத் தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இத்தனை பெரிய மூளை இத்தனை சின்ன ஊரில் இருக்கிறதே என்று அவருக்குப் பெருமை.

வழிமுறையையும் புகைக்காரரே வகுத்தார். வெளியிலிருந்து ஒரு பொருளோ ஆளோ வந்தால், சம்பந்தப்பட்ட குடும்பம் நகராட்சிக் கூடத்துக்கு வர வேண்டும். ஆசைப்பட்டவர் முன்னால் வந்து, வலது கையைத் தூக்கி, "இதுக்கு ஆசைப்பட்டது நான்தான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். பல பேர் ஆசைப்பட்டிருந்தால் ஆசையின் அளவுக்குத் தக்கபடி புகையைப் பங்கு போடலாம். யாருமே ஆசைப்படவில்லை என்றால் அது அநாதைப் புகை. கிளம்பிய ஊருக்கே திரும்பப் போய்விடும். வரி கிடையாது, அபராதம் கிடையாது. கை தூக்கியவர்களின் பெயரை மட்டும் வாரக் கடைசியில் ஒலிபெருக்கியில் படிப்பார்கள். அது போதாதா?

முதல் நாள் ஒரு சோபாவைப் பற்றிய விசாரணை. கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள்.

"சோபா வேணும்னு யாரு கேட்டது?" என்றார் புகைக்காரர்.

"இவருதான். முதுகு வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு."

"முதுகு வலிக்குதுன்னா முதுகு வலிக்குதுன்னு அர்த்தம். சோபா வேணும்னு அர்த்தமா? நீதானே கடையில போய் உட்கார்ந்து பாத்தே?"

"கால் வலிச்சுது, உட்கார்ந்தேன். அது சோபாவா இருந்தா நான் என்ன பண்ண?"

கடைசியில் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அந்தச் சோபாவுக்கு அந்த வீட்டில் யாருமே ஆசைப்படவில்லை. அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்கு இருக்கிறது. சோபாவின் புகை சோபா செய்த ஊருக்கே திரும்பிப் போனது.

அவ்வளவுதான், ஊருக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. மரச்சாமான் கடையில் வாடிக்கையாளர்கள் கூரையைப் பார்த்தபடி நுழைந்து, "சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டே பீரோவைத் தட்டிக்காட்டினார்கள். கூரியர்காரர் பார்சலைக் கையில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். மதிலுக்கு மேலாக வீசச் சொல்வார்கள். வீசியது வந்து விழுந்தது, விழுந்ததை எடுத்துவைத்தோம், இதில் ஆசை எங்கே வந்தது? கண்ணாடிச் சாமான் ஆர்டர் செய்தவர்கள்தான் பாவம்.

வெளியூர் மாப்பிள்ளை ஒருவன் ஒரு பேருந்து நிறைய உறவினரோடு கல்யாணத்துக்கு வந்து இறங்கியபோது, அந்தப் பேருந்துப் புகை யாருடையது என்ற கேள்வி எழுந்தது. "அவங்கதான் ஆசைப்பட்டு வந்தாங்க" என்றார் பெண்ணின் அப்பா. "நீங்க கூப்பிட்டதால வந்தோம், எங்களுக்கு என்ன தலையெழுத்தா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. கடைசியில் மணமக்களையே கூப்பிட்டுக் கேட்டார்கள். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அப்படியொண்ணும் பெரிய ஆசை இல்லீங்க" என்றாள். மாப்பிள்ளை, "எனக்கும்தான்" என்றான். கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் இப்போதும் சேர்ந்துதான் குடித்தனம் செய்கிறார்கள், ஆசை இல்லாமல்.

ஆண்டுக் கடைசியில் புகைக்காரர் கூட்டிப் பார்த்தார். வெளியூர்ப் புகை: சைபர். அவருக்கே கொஞ்சம் திக்கென்றது. சந்தேகத்தில் இன்னொரு தடவை கூட்டினார், அப்போதும் சைபர். வீடெல்லாம் சாமான் குவிந்து கிடக்க, அதில் ஒன்றுக்கும் யாரும் ஆசைப்படாத ஊர் என்று தாளில் நிரூபணம் ஆகியிருந்தது. மேலிடம் மயங்கிப்போய், தலைசிறந்த ஊருக்கான கேடயம் தருவதாக அறிவித்தது. வெள்ளிக்கிழமை குழு வரும், கூடத்தில் விழா. திரும்பிப் போன புகையில் பெரும்பங்கு சேர்ந்து பக்கத்து ஊர்க் கணக்கு கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியிருந்தது, அவர்களுக்குக் கண்டனக் கடிதம் போயிற்று.

சைபர் என்றால் முதல் சைபர் புகைக்காரர் வீடுதான். விதி போட்டவர் வீட்டிலேயே கை தூக்கினால் ஊர் சிரிக்காதா? அவர் மனைவி பழைய மிக்சியைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த மிக்சி பேசும் பேச்சை அந்தத் தெருவே கேட்டது.

அவர்களுக்கு ஒரே மகள். கடல் கடந்த ஒரு நகரத்தில் வேலை. வேலை கிடைத்த அன்று அவள் ஓடிவந்து சொன்னபோது இவர், "போறதும் இருக்கறதும் உன் இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருந்துவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது, வீராப்பு விடவில்லை. அவள் கிளம்பிய நாளில் சலவைக்கூடத்தில் உட்கார்ந்து கொதிகலனை அளந்துகொண்டிருந்தார். அதன் பிறகு அவள் ஊர்ப்பக்கம் வரவில்லை. தொலைபேசியில் அம்மாவோடுதான் பேச்சு. இவர் நாளிதழுக்குப் பின்னாலிருந்து, "சாப்பிட்டாளான்னு கேளு" என்பார். அவள் அங்கிருந்து, "சாப்பிட்டேன்னு சொல்லு" என்பாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் கூப்பிட்டபோது மனைவி தொலைபேசியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

"அம்மா, லீவு கிடைச்சிருக்கு. வரலாம்னு பாக்கறேன்."

மனைவியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"ஆனா இங்கயும் உங்க ஊர் சட்டத்தைக் காப்பி அடிச்சுட்டாங்கம்மா. விமானத்துல ஏறணும்னா, நான் வரணும்னு அங்க யாராவது ஆசைப்பட்டுக் கை தூக்கணுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி. இல்லைன்னா சீட்டு கிடையாது."

"இதுக்கா கவலைப்படறே? நான் ரெண்டு கையையும் தூக்கறேன்டி!"

"உன்னைப் பத்தித் தெரியாதாம்மா? உன் ஆசை எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஆசை இருக்கா இல்லையா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு. அப்பா கை தூக்கினா வரேன். இல்லைன்னா வரல. இனிமே எப்பவும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

நாளிதழுக்குப் பின்னாலிருந்தவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு வந்து, நாளிதழை இழுத்து மடித்துத் தூரப் போட்டாள்.

"கேட்டுதா?"

"கேட்டுது."

"என்ன சொல்றீங்க?"

"வெள்ளிக்கிழமைதான் கேடயம் தர்றாங்க" என்றார் அவர்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் சமையலறைக்குள் போய் மிக்சியைப் போட்டாள், உள்ளே ஒன்றும் இல்லாமலே.

அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்வதுதான் முடியவில்லை. ஊரையே ஆசை இல்லை என்று சொல்லவைத்த மனிதர், எனக்கு ஆசை என்று எந்த வாயால் சொல்வது? கேடயம் போய்விடும், ஊர் தூற்றும், தலைவரம்மா இனி முகத்தில் விழிக்க மாட்டார். கை தூக்காமலே மகள் வருவதற்கு வழி உண்டா என்று மூன்று நாளும் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

முதலில் மரச்சாமான் கடைக்காரரிடம் போனார். "என் பொண்ணு வரணும்னு எனக்குப் பதிலா நீங்க ஆசைப்பட முடியுமா? வெளிய தெரியாம பாத்துக்கலாம்."

கடைக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "உங்க பொண்ணு வரணும்னு நான் ஆசைப்பட்டா என் வீட்டுல என்ன நினைப்பாங்க? நல்ல கதையா இருக்கே. ஒரு நாற்காலி எடுத்துட்டுப் போங்க, சும்மா."

அடுத்து தலைவரம்மாவின் அறை. புகைக்காரர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தலைவரம்மா, மனுஷங்கதான் ஆசைப்படணும்னு விதியில எங்கயும் எழுதல. எங்க வீடு ஆசைப்படுதுன்னு எழுதிக்கலாமா? என் பொண்ணோட ரூம் ரொம்ப நாளா பூட்டியே கெடக்குது. கதவு, ஜன்னல் எல்லாம்…"

"வீட்டுக்குக் கை ஏதுய்யா, தூக்க?"

"கூரை இருக்கு. கொஞ்சம் தூக்கின மாதிரிதான் இருக்கும்."

தலைவரம்மா அவரை உற்றுப் பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை அவர். "புகைக்காரரே, உங்க தவிப்பு எனக்குப் புரியுது. வெள்ளிக்கிழமை கேடயத்தை வாங்கிக்குவோம். சனிக்கிழமை நீங்க என்ன வேணாலும் ஆசைப்படுங்க, நானே சாட்சி சொல்றேன்."

"சனிக்கிழமைன்னா கெடு முடிஞ்சுடும்மா."

"அப்போ ஆசையை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப்போடுங்க" என்றார் அவர். நகராட்சியில் எல்லாவற்றையும் ஒத்திப்போட்டுப் பழகியவர், பாவம்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் உட்கார இடமில்லை. பொருள் எதற்கும் ஆசைப்படாத அந்த ஊர், கேடயத்தைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டு வந்திருந்தது. மேலிடக் குழுவின் தலைவர் கடுமையான ஜலதோஷத்தோடு வந்திருந்தார். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தும்மல். முன்வரிசையில் புகைக்காரருக்குத் தனி நாற்காலி. பக்கத்தில் மனைவி, மடியில் தொலைபேசி. அது இணைப்பில் இருந்தது. மறுமுனையில் மகள், அவளுக்குப் பக்கத்தில் அந்த நகரத்தின் புகை அதிகாரி. மனைவி இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்தார்.

குழுத் தலைவர் ஊரைப் புகழ்ந்தார், தும்மினார், மறுபடி புகழ்ந்தார். கேடயத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்கள். "முறைப்படி கடைசியா ஒரு கேள்வி கேக்கணும்" என்றார் அவர். "இந்த ஊர்ல யாருக்காவது, வெளியிலிருந்து ஏதாவது, யாராவது வரணும்னு ஆசை இருக்கா?"

கூடம் கல்லைப் போல உட்கார்ந்திருந்தது. புது டிவிக்காரர்கள், பீரோக்காரர்கள், மதிலுக்கு மேலாகப் பார்சல் வாங்கியவர்கள் எல்லோரும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். தலைவரம்மா புகைக்காரரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். மனைவி யாரையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த தொலைபேசியிலிருந்து, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் சின்னச் சத்தம் கேட்டது. அந்த மூச்சு அவருக்குத் தெரியும். சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்போது பாப்பா அப்படித்தான் மூச்சைப் பிடிப்பாள்.

"சரி, அப்போ யாருக்கும்…" என்று குழுத் தலைவர் கேடயத்தைத் தூக்கினார்.

"எனக்கு இருக்கு!"

எழுந்து நின்ற பிறகுதான் கத்தியது தான் என்று புகைக்காரருக்கே தெரிந்தது. வலது கை தலைக்கு மேலே நின்றது. "என் பொண்ணு வரணும். ஆசைப்பட்டது நான்தான்."

தலைவரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பின்வரிசையில் "அடப்பாவி" என்று ஒரு குரல். குழுத் தலைவர் ஒன்றும் புரியாமல் மூக்கைச் சிந்தினார். ஆனாலும் அவர் விதி தெரிந்தவர். "பங்கு போடணும். உங்க ஆசை எவ்வளவு? கால், அரை, எப்படி?"

"முழுசும். விமானம் கிளம்பறதுலேர்ந்து இறங்கறவரைக்கும் வர்ற அத்தனை புகையும் என்னோடது."

மனைவியின் மடியிலிருந்த தொலைபேசியில் கரகரவென்று ஓர் ஆண் குரல் குறுக்கிட்டது. "வணக்கம், நான் இந்தப் பக்கத்து அதிகாரி. அப்படி முழுசையும் நீங்க எடுத்துக்க முடியாது. பயணம் பண்றவங்களுக்கும் ஆசை இருக்கும் இல்லையா? பாதி எங்க ஊர்க் கணக்கு."

"பாதியா?" மகளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "முழுசும் என்னோடது சார். அவர் ஆசையை விட என் ஆசைதான் பெருசு."

"அதை எப்படி நீ சொல்றே?" என்றார் புகைக்காரர் தொலைபேசியைப் பார்த்து. இத்தனை வருஷத்தில் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது, அதுவும் சண்டை. "நான் அளந்து பாக்கறவன். எனக்குத் தெரியாதா யாரோடது பெருசுன்னு?"

"நீங்க கொதிகலனை அளப்பீங்க. என்னை எப்போ அளந்தீங்க?"

"அப்போ நான் யாரு?" என்று மனைவி எழுந்து நின்றாள். சொன்ன சொல் தவறாமல் இரண்டு கையையும் தூக்கினாள், தொலைபேசி ஒரு கையில் மேலே போயிற்று. "பெத்தவ நான். என் பேருலயும் முழுசா எழுதுங்க. ஒரு துளி குறைஞ்சாலும் விட மாட்டேன்."

அந்தக் கூடத்தில் ஒரு வருஷமாகப் புகையைத் தட்டிவிட்டே பழகிய கூட்டம், புகைக்காக இப்படி அடித்துக்கொள்ளும் குடும்பத்தை வாய் பிளந்து பார்த்தது. சோபா வீட்டு மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

குழுத் தலைவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "இருங்க, இருங்க. பறக்கப்போறது ஒரு விமானம். நீங்க மூணு பேரும் ஆளுக்கொரு விமானப் புகையைக் கேக்கறீங்க. ஒண்ணுக்கு மூணு எப்படி வரும்? கூட்டினா சரியா வரலையே!"

கூட்டல் சரியாக வராவிட்டால் அன்று சாப்பாடு இறங்காத ஆள் புகைக்காரர். கால் கிலோ கரி எங்கே போனது என்று ரொட்டிக் கடையைத் தலைகீழாகப் புரட்டியவர். அவர் நின்ற இடத்திலேயே, "வராது சார். அப்படியே எழுதுங்க" என்றார்.

"கேடயம்?" என்றார் குழுத் தலைவர்.

"எடுத்துட்டுப் போங்க. சிமெண்ட் ஆலை ஊர்ல குடுங்க. எங்க புகையையெல்லாம் இத்தனை நாள் சுமந்தது அவங்கதான்."

கூடத்தில் இரைச்சல் எழுந்தது. திட்டினார்களா, பேசிக்கொண்டார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த இரைச்சலுக்கு நடுவே, மனைவியின் தூக்கிய கையிலிருந்து மகளின் குரல் வந்தது. இப்போது அதில் சண்டை இல்லை.

"இவ்வளவு ஆசையை வச்சுக்கிட்டு, இத்தனை வருஷமா ஏம்பா ஒரு வார்த்தை சொல்லல?"

புகைக்காரர் எட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை.

"சொன்னா, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவியோன்னு பயம் பாப்பா. சொல்லாட்டி, வரவே மாட்டியோன்னு பயம். எது பெரிய பயம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வருஷம் போயிடுச்சு."

மறுமுனையில் அவள் அழுதாள். அழுதுகொண்டே, "வரேம்பா" என்றாள்.

குழுத் தலைவர் ஒரு தும்மல் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று விமானங்கள் என்றே எழுதினார்.